ஓதம் ஏறிய சுவரும் பாட்டியின் சுண்ணாம்பு டப்பாவும்

களியக்காவிளையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பங்குக் கோவில், அதாவது ஊர்க் கத்தோலிக்கத் தேவாலயம். வெட்டுக்கல்லும் செங்கல்லும் கலந்த தடித்த சுவர், கூரையைத் தாங்க அயினி மரத்தில் கழுக்கோல், மேலே ஓடு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த அடியில் ஓடுகள் பாதி பறந்தன. கூரையைச் சரிசெய்ய ஆள் கூப்பிட்டபோதுதான் சுவரை ஒழுங்காகப் பார்த்தோம்.

சுவரின் அடிப்பகுதியில் ஆள் உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருந்தார்கள். ஓதம், அதாவது தரையிலிருந்து வரும் ஈரம், ஏறுகிறது என்று பல வருடங்களுக்கு முன் செய்த வேலை. தட்டினால் வெற்றுப் பானைச் சத்தம் வந்தது. உளியை வைத்து நெம்பியதும் சிமென்ட் தகடு தகடாகக் கழன்றது. அதன் பின்னால் செங்கல் ரவை மாதிரி உதிர்ந்து கொட்டியது. சிமென்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கல்தான் போயிருந்தது.

"வெளிய வர வேண்டிய ஓதத்த உள்ள வச்சு அடைச்சிருக்கு மக்களே," என்றார் மூத்த கொத்தனார். அந்த ஒரு வரிக்குள் இருக்கும் இயற்பியலையும் வேதியியலையும் விரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் பக்கத்தில் பழைய கோவில்களும் தறவாட்டு வீடுகளும் (பரம்பரைக் குடும்ப வீடுகளும்) இதே தவறால்தான் அழிந்துகொண்டிருக்கின்றன.

விளக்குத் திரியில் எண்ணெய் எப்படி மேலே ஏறுகிறதோ அப்படித்தான் மண்ணிலிருக்கும் நீர் சுவரில் ஏறுகிறது. செங்கல், வெட்டுக்கல், சாந்து எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. துளையின் சுவரை நீர் பற்றிக்கொண்டு தன்னைத்தானே மேலே இழுக்கும். துளை எவ்வளவு சிறிதோ அவ்வளவு உயரம். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 3 செ.மீ. ஏறும், 0.01 மில்லிமீட்டர் என்றால் கணக்குப்படி 3 மீட்டர். ஆனால் நிஜச் சுவரில் ஓதம் அவ்வளவு உயரம் போவதில்லை. ஏறும் வழியிலேயே அது ஆவியாகி வெளியே போய்விடுகிறது. கீழிருந்து வரும் நீரும் பக்கவாட்டில் ஆவியாகும் நீரும் சமமாகும் இடத்தில் ஈரக்கோடு நின்றுவிடும்.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானை வேர்ப்பதால். அதே பானைக்கு எனாமல் பெயின்ட் அடித்துப் பாருங்கள், தண்ணீர் குளிராது. நம் முன்னோர் கட்டிய சுவரும் வேர்க்கும் சுவர்தான். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதையும் அவர்கள் வைக்கவில்லை. நீர் வரட்டும், வந்த வேகத்தில் போகட்டும் என்று கட்டினார்கள். அதன் மேல் சிமென்ட் பூசினால் போகும் வழி அடைபடுகிறது. நீர் இன்னும் உயரம் ஏறி, சிமென்ட் முடியும் இடத்துக்கு மேலே வெளியேறப் பார்க்கும். எங்கள் கோவிலில் ஈரக்கோடு பூச்சையும் தாண்டிச் சன்னலடி வரை போயிருந்தது.

நீரைவிடப் பெரிய எதிரி அதில் கரைந்திருக்கும் உப்பு. ஆவியாகும்போது நீர் மட்டும்தான் போகும், உப்பு தங்கிவிடும். சுவரின் மேற்பரப்பில் தங்கினால் வெள்ளையாகப் பூக்கும். பார்க்க அசிங்கம், ஆனால் ஆபத்தில்லை. பூச்சுக்குப் பின்னால், கல்லின் துளைக்குள் படிகமானால்தான் கேடு. வளரும் படிகம் துளையின் சுவரை நெட்டித் தள்ளும். பழைய செங்கல் அந்த அழுத்தத்தைத் தாங்காது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையும், குறைந்தால் மறுபடி படிகமாகும். நம் ஊரில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஈரப்பதம் இந்த எல்லையை எத்தனை முறை ஏறி இறங்கும் என்று யோசியுங்கள்! சோடியம் சல்ஃபேட் இன்னும் மோசம். நீரைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. சிமென்ட்டே இத்தகைய சல்ஃபேட்டுகளைச் சுவருக்குக் கொண்டுவரவும் செய்யும்.

சரி, சிமென்ட்டை எடுத்தாயிற்று. அந்த இடத்தில் என்ன பூசுவது? என் பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில் இருந்த அதே பொருள்தான்.

சுண்ணாம்புக் கல்லையோ சிப்பியையோ சூளையில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 56 கிலோதான் திரும்பக் கிடைக்கும். இந்தச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி வெண்ணெய் மாதிரி ஆகும். அதுதான் நீர்த்த சுண்ணாம்பு. பாட்டி டப்பாவை மூட மறந்தால் மறுநாள் மேலே ஏடு கட்டிக் கெட்டியாகியிருக்கும், திட்டுவாள். காற்றிலிருக்கும் கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாகியிருக்கிறது, அவ்வளவுதான். சூளையில் இழந்ததை, சுவரில் பூசியபின் காற்றிலிருந்து மெல்ல மீட்டுக்கொள்கிறது.

மெல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். வாயு வெளியிலிருந்து உள்ளே ஊடுருவ வேண்டும்; அது கரைந்து வினைபுரியத் துளியளவு ஈரமும் வேண்டும். சுவர் முற்றிலும் காய்ந்தாலும் வினை நிற்கும், முற்றிலும் நனைந்தாலும் நிற்கும். அதனால்தான் மெல்லிய பூச்சுகளாகப் பூசி, ஒவ்வொன்றுக்கும் அவகாசம் கொடுத்து, வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுகிறார்கள். இப்படி இறுகிய பூச்சு நுண்துளைகளோடு இருக்கும், நீராவிக்கு வழிவிடும். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் பெரிதாக வெடிக்காது.

சாந்தில் கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்ப்பது நம் வழக்கம். சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு வெறும் நீரில் கரைவதைவிடப் பல மடங்கு கரையும். சாந்து குழைவாகும், அவசரப்பட்டு இறுகாது. காற்றுப் புகாத இடத்திலும் இறுக வேண்டுமென்றால் சுர்க்கி, அதாவது செங்கல் பொடி. அதிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து நீருக்குள்ளேயே கெட்டிப்படும். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டியதுதான். புதுக் கான்கிரீட்டுக்குச் சிமென்ட் அருமையான பொருள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதன் இடம் இந்தச் சுவரில்லை.

பங்குப் பேரவையில் ஒரு வாக்குவாதம் வந்தது. திருப்பலி போக மற்ற நேரத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, தையல் பயிற்சி, மருத்துவ முகாம் எல்லாம் இங்கேயே நடத்தலாம், கழுவ வசதியாக உள்சுவரில் டைல்ஸ் ஒட்டுவோம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் டைல்ஸ் சிமென்ட்டைவிடக் கெட்டியான மூடி. ஓதம் அதற்கு மேலே ஏறும். கூடவே எதிரொலியும் கூடும். 1895 வாக்கில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர், பேச்சே புரியாத ஒரு வகுப்பறைக்குள் இரவு இரவாக இருக்கை மெத்தைகளைத் தூக்கிப் போட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். திறந்த சன்னலையே ஒலியுறிஞ்சும் அளவுகோலாக வைத்தார். அந்தக் கணக்கில் ஒரு ஆள் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம். ஞாயிற்றுக்கிழமை நிறைந்த கோவிலில் பிரசங்கம் தெளிவாகக் கேட்பதும், இருபது பிள்ளைகள் மட்டும் இருக்கும்போது வாத்தியார் சொல்வது குழம்புவதும் இதனால்தான். பாட்டுக்கு அந்த நீண்ட ஒலி அழகு, பாடத்துக்கு ஆகாது. டைல்ஸை விட்டுவிட்டு, வகுப்பு நேரத்துக்குக் கோரைப்பாயும் கனத்த திரையும் போதும் என்று முடிவானது.

வேலையை வெளியிலிருந்துதான் தொடங்கினோம். கூரைத்தண்ணீர் சுவரடியில் விழாமல் ஏந்திக்கொண்டுபோக ஓரத்தில் பாத்தி, சுவரை ஒட்டி ஏறியிருந்த மண்ணை வெட்டித் தாழ்த்தி ஒரு ஓடை. இவற்றைச் செய்யாமல் எந்தச் சாந்து பூசியும் பலனில்லை. சிமென்ட்டை உரித்தபின் ஒரு மழையும் ஒரு வெயிலும் பொறுத்திருந்தோம். பிறகு அடிப்பகுதிக்கு மட்டும் துளை மிகுந்த சுண்ணாம்புப் பூச்சு. உப்பைத் தான் வாங்கிக்கொண்டு, சில வருடங்களில் தானே உதிர்வதற்காகப் பூசுவது அது. மேலே வெறும் வெள்ளையடிப்பு, பிளாஸ்டிக் பெயின்ட் கிடையாது.

மூன்றாம் மாதம் அந்தப் பூச்சில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. புதுச் சுவர் கெட்டுப்போயிற்றே என்று பலர் பதறினார்கள். கல்லுக்குள் கிடந்த உப்பு வெளியே வருகிறது, அதற்காகத்தானே இத்தனை வேலையும் என்று விளக்கினோம். ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். இப்போது ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் பிள்ளைகள் காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, உதிர்ந்த உப்பைச் சுவரடியில் விடாமல் முறத்தில் அள்ளி வெளியே கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு மாதமும் முறத்தில் சேர்வது குறைந்துகொண்டே வருகிறது.