‘சிவப்புத்தானே, அப்பன்?’ என்று கேட்காதீர்கள்

பெரியவர்களின் கேள்விகளால் நினைவு குழம்பி என்னிடம் வந்த பிள்ளைகளில், இந்த மாதம் இது மூன்றாவது பிள்ளை. ஐந்து வயது. மாங்குளத்துக்கு அருகே ஏ-9 வீதியோரம் அம்மம்மாவுடன் நின்றபோது, ஒரு மோட்டார் சைக்கிள் அம்மம்மாவைத் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.) அன்று தாயிடம் அவன் சொன்னது, "சத்தம் கேட்டது, அம்மம்மா விழுந்துவிட்டார்" என்பது மட்டும்தான்.

முற்றம் நிறையச் சனம் வந்தது. அக்கறையில்தான் வந்தார்கள். மாமா, பெரியம்மா, முன்பள்ளி ஆசிரியை என்று ஏழு பேர் அவனை விசாரித்தார்கள். "சிவப்பு மோட்டார் சைக்கிள்தானே, அப்பன்?" என்று கேட்டது மாமா. மூன்றாம் நாள் பிள்ளை சிவப்பு என்றான். ஐந்தாம் நாள், ஓட்டியது அடுத்த ஒழுங்கை அண்ணா என்றான். என்னிடம் வந்தபோது தலைக்கவசத்தின் நிறம்வரை சொன்னான்.

"சின்னப் பிள்ளை பொய் சொல்லுமா, மிஸ்?" என்று மாமா கோபப்பட்டார்.

அவன் பொய் சொல்லவில்லை. எத்தனை தடவை சொல்லியும் இதை விளங்கவைக்க முடியவில்லை. பொய் சொல்வதற்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். அவன் மனத்தில் இப்போது இருப்பது சிவப்பு வண்டிதான். தான் கண்டது எது, மாமா சொல்லிக் கேட்டது எது என்று பிரித்தறியும் திறன் அந்த வயதில் முழுமையாக முதிர்ந்திருக்காது. அழுதுகொண்டு நுணுக்கமாகச் சொல்வதாலேயே அது நடந்தது என்று ஆகிவிடாது.

1995 இல் லெயிக்ட்மன், செசி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். சாம் ஸ்டோன் என்பவர் முன்பள்ளிக்கு வந்து, இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, எதையும் பழுதாக்காமல் போனார். அவர் கைதவறிப் பொருட்களைப் பழுதாக்குபவர் என்று முன்பே கதை கேட்டு, பின்னர் பதிலை எடுத்துக்கொடுக்கும் கேள்விகளால் திரும்பத் திரும்ப விசாரிக்கப்பட்ட 3, 4 வயதுப் பிள்ளைகளில் 72 வீதமானோர், அவர் புத்தகத்தைக் கிழித்தார் அல்லது கரடிப் பொம்மையை அழுக்காக்கினார் என்றார்கள். அப்படி யாரும் குழப்பாத பிள்ளைகளோ பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். ஆகவே, பிள்ளைகளை நம்ப முடியாது என்று நான் சொல்வதாகத் திரிக்க வேண்டாம். குழப்புவது நாங்கள்.

பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள். "பிறகு என்ன நடந்தது?" என்பதற்கு மேல் வேண்டாம். நிறத்தையோ பெயரையோ எடுத்துக்கொடுக்காதீர்கள். தொலைபேசியில் ஆட்களின் படம் காட்டாதீர்கள். ஒரே கேள்வியை மறுபடி கேட்டால், முதல் பதில் பிழை என்று நினைத்துப் பிள்ளை மாற்றிவிடலாம். "தெரியாது" என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளைக்கே ஆபத்து என்றால் உடனே சிறுவர் உதவிச் சேவையின் 1929 இற்கு அழையுங்கள்.

தயவுசெய்து, அவன் சொன்ன சொற்களை அன்றே, நாளும் நேரமும் போட்டு, ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். இந்தப் பிள்ளையின் முதல் வார்த்தைகள் இன்று அந்தத் தாயின் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன.