பிக்சல்: படப்புள்ளியா, படவணுவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படம் எடுத்து அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த படிவம் நான்கு பையன் ஒருவன் கேட்டான்: “அண்ணே, செவ்வாயில ஓடுற கியூரியாசிட்டி வண்டியோட கேமரா ரெண்டு மெகாபிக்சல்தானாம். என் கைப்பேசியே ஐம்பது. ஏன் அப்படிப் பழசா அனுப்பினாங்க?” கடையில் கூட்டம், பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதி ‘பிக்சல்’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் அதை இங்கே எழுதுகிறேன்.

பிக்சல் இரண்டு துண்டுகளை ஒட்டிய சொல். ‘பிக்ஸ்’ என்பது படங்களைக் குறிக்க ஆங்கிலப் பத்திரிகைகள் 1930களில் புழங்கிய சுருக்கம். ‘எல்’ என்பது ‘எலிமெண்ட்’டின் தலை, அதாவது கூறு, மூலம். ஆகப் படத்தின் அடிப்படைக் கூறு என்பதுதான் பொருள். மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் பிக்சல். இந்தச் சொல் முதலில் அச்சேறியது விண்வெளிப் படங்களை ஒட்டித்தான். 1965இல் அமெரிக்காவின் ஜெட் உந்து ஆய்வகத்தில் வேலை செய்த ஃபிரெடரிக் பில்லிங்ஸ்லி, நிலவுக்கும் செவ்வாய்க்கும் போன கலங்கள் அனுப்பிய படங்களைச் சீர்செய்வது பற்றிய கட்டுரைகளில் இதை எழுதினார். அவரும் இதை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு எடுத்ததாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அதே 1965 ஜூலையில் மாரினர் 4 என்ற கலம் செவ்வாயைக் கடந்து போனது. அதன் படம் ஒன்று 200க்கு 200, மொத்தம் 40,000 பிக்சல். ஒவ்வொன்றுக்கும் 6 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) என்றால் ஒரு படத்துக்கு 2,40,000 பிட். அவை பூமிக்கு வந்த வேகம் நொடிக்கு 8 பிட் சொச்சம். வகுத்துப் பாருங்கள், ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரம். காத்திருக்க முடியாமல், வந்த எண்களை வரிசையாக ஒட்டி, ஆய்வகத்து ஆட்கள் கையாலேயே வண்ணம் தீட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பிக்சலையும் எண்ணிப் பார்க்க வேண்டிய இடத்தில் இந்தச் சொல் நடைமுறைக்கு வந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘படப்புள்ளி’ என்றும் ‘படவணு’ என்றும் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. மலாயில் ‘பிக்செல்’ என்று அப்படியே வாங்கிக்கொண்டார்கள். ஜெர்மன்காரர்களின் சொல்லுக்கு நேர்ப்பொருள் படப்புள்ளி. சீனர்களின் ‘சியாங்சூ’வோ உருவத்தின் அடிப்படைக் கூறு, நம் படவணுவுக்குப் பக்கம்.

எனக்குப் புள்ளி என்ற சொல்மேல் குறையில்லை. மெய்யெழுத்தின் தலையில் வைப்பதும் புள்ளி, வாசலில் கோலத்துக்கு வைப்பதும் புள்ளி. ஆனால் என் தொழிலில் புள்ளிக்கு வேறு வேலை இருக்கிறது. பேனர் அடிக்கிற இயந்திரம் ஓர் அங்குலத்துக்கு இத்தனை என்று மைப்புள்ளி தெளிக்கிறது, ஒரு பிக்சலின் நிறத்தைக் காட்டவே பல மைப்புள்ளிகள் வேண்டும், இரண்டையும் புள்ளி என்றே சொன்னால் வேலைக்கு வரும் புதுப்பையன் குழம்பிப்போகிறான். புள்ளி அச்சுக்கு இருக்கட்டும். பிக்சலுக்குப் படவணுதான் பொருத்தம்.

இன்னொரு காரணமும் உண்டு. கேமராவுக்குள் இருக்கும் படவணு, வைத்த புள்ளி போல் சும்மா இருப்பதில்லை. ஒளியை வாங்கிச் சேர்த்து வைக்கிறது. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மரத்துக்கு மரம் மங்கு, அதாவது கிண்ணம், கட்டியிருக்கும், பால் சொட்டும், அப்புறம் மங்கு மங்காக வாளியில் ஊற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுப்பார்கள். கேமராவுக்குள் ஒளியை உணரும் சில்லான சென்சாரும் அந்த மர நிரை போலத்தான்: படவணு ஒவ்வொன்றும் ஒரு மங்கு, விழுந்த ஒளி மின்னேற்றமாக அதில் சேர்கிறது, கடைசியில் ஒவ்வொன்றாக அளந்து எண்ணாக்குகிறார்கள். மங்கு பெரிதானால் அதிகம் பிடிக்கும். கியூரியாசிட்டியின் கம்பத்தில் இருக்கும் மாஸ்ட்கேம் கேமராவில் ஒரு படவணுவின் அகலம் 7.4 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கைப்பேசியில் ஒன்றையொட்டித்தான் இருக்கும்.

பையனின் கேள்விக்கு இப்போது வரலாம். கியூரியாசிட்டி இறங்கியது 2012, ஆனால் அதன் கேமராக்களைத் திட்டமாக எழுதிக்கொடுத்தது 2004இல். நான்கு கேமராக்களுக்கு ஒரே வகைச் சென்சார், 1600க்கு 1200, பத்தொன்பது லட்சத்து இருபதாயிரம் படவணு, அதுதான் பையன் சொன்ன ரெண்டு மெகாபிக்சல். ஒரே சென்சார் என்றால் சோதனையும் ஒரே மாதிரி, செலவும் குறைவு. ஒரு நாளில் செவ்வாயிலிருந்து அனுப்பக்கூடிய தரவுக்கும் வரம்பு இருந்தது. விரிந்த காட்சி வேண்டுமானால் சின்னச் சின்னப் படமாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம், செவ்வாய்ப் பாறை எழுந்து ஓடப்போவதில்லையே.

பழையதைப் பிடித்துக்கொள்ள வலுவான காரணம் கதிர்வீச்சு. விண்வெளித் துகள் பட்ட படவணு, ஒளி விழாமலேயே நிறைந்ததாகக் காட்டும். மழைத்தண்ணீர் புகுந்த மங்கு போல. வியாழனைச் சுற்றும் ஜூனோ கலத்தின் கேமராவான ஜூனோகேமிலும் அதே சென்சார் இனம்தான். அது கதிர்வீச்சில் பழுதாகிப் படமெல்லாம் கோடும் புள்ளியுமானபோது, 2023 டிசம்பரில் ‘ஐயோ’ என்ற வியாழனின் நிலவை நெருங்கும் முன் கேமராவைச் சூடேற்றியே படத்தை மீட்டார்கள். அதன் குணம் நன்றாகத் தெரிந்திருந்தால்தான் இப்படி எட்ட நின்று வைத்தியம் பார்க்க முடியும்.

அதற்காகப் புதிது ஆகாது என்றில்லை. 2021இல் இறங்கிய பெர்சிவியரன்ஸ் வண்டியில் இரண்டும் உண்டு. வழி பார்த்து ஓட்டும் கேமராக்கள் இரண்டு கோடி படவணுவுக்கு ஏறிவிட்டன, அறிவியல் படம் எடுக்கும் மாஸ்ட்கேம்-இசட் அதே பழைய 1600க்கு 1200. கூடவே போன இன்ஜெனியூட்டி ஹெலிகாப்டரில் 13 மெகாபிக்சல் கேமரா. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் கடையில் விற்கிற நிக்கான் கேமராதான். 2024இல் அங்கே நிக்கானின் இசட்9 கேமரா போனது. கெட்டுப்போனால் அடுத்த சரக்குக் கலத்தில் மாற்றிக்கொள்ளலாம், செவ்வாயில் அது நடக்காது.

அந்தப் பையன் படம் வாங்க மறுபடி வந்தான். கைப்பேசித் திரையில் ஓர் இடம் எப்போதும் கருப்பாகவே நிற்கிறது என்று காட்டினான். “படவணு ஒண்ணு செத்துப்போச்சுடா” என்றேன். “படவணுவா?” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான்.