விமானத்துக்கு வேண்டாம், தரைக்கு வேண்டும்: அமெரிக்காவில் யூனிகாம் ரேடியோ உரிமம்

அமெரிக்காவில் உள்நாட்டுக்குள் மட்டும் பறக்கும் சிறிய தனியார் விமானத்தின் ரேடியோவுக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. 1996-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டுத் தரையில் வைக்கும் ரேடியோவுக்கும் இதே சலுகைதான் என்று நினைத்துவிடக் கூடாது. விமானப் பேச்சுக்கான அலைவரிசைகளில் இயங்கும் கையடக்க 'ஏர்பேண்ட்' ரேடியோவை யாரும் கடையில் வாங்கலாம், விமானிகள் பேசுவதைக் கேட்கலாம். ஆனால் தரையில் நின்று பொத்தானை அழுத்திப் பேச எஃப்.சி.சி. என்ற மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் உரிமம் வேண்டும்.

சிறிய விமானத் தளங்கள் வாங்குவது பெரும்பாலும் 'யூனிகாம்' உரிமம், அதாவது தரையிலிருந்து விமானிகளுக்குத் தகவல் மட்டும் சொல்லும் ரேடியோ நிலையத்துக்கான உரிமம். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மைல் தள்ளி வரும் விமானி 122.8 மெகாஹெர்ட்ஸில் நிலவரம் கேட்கிறார். அலுவலகத்தில் எரிபொருள் பில் போட்டுக்கொண்டிருப்பவர் மைக்கை எடுத்து, ஜன்னல் வழியே, காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்துச் சொல்கிறார்: "காற்று தென்மேற்கிலிருந்து. மற்றவர்கள் 24-ஆம் ஓடுபாதையில் இறங்குகிறார்கள்." அவ்வளவுதான். "நீங்கள் இறங்கலாம்" என்று அனுமதி கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. முடிவு விமானியுடையது. இந்த உரிமத்தில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். அனுமதி கிடைத்துவிட்டதாக நம்பி ஒருவர் வெளியே பார்ப்பதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

எந்த விமானி கூப்பிட்டாலும் யூனிகாமில் இருப்பவர் பாகுபாடில்லாமல் பதில் தர வேண்டும். தளத்தில் இரண்டு எரிபொருள் விற்பனையாளர்கள் இருந்தால் இருவரைப் பற்றியும் நடுநிலையாகச் சொல்ல வேண்டும். பாதுகாப்புப் பேச்சு முடிந்த பிறகு டாக்சி, சாப்பாடு, தங்குமிடம் பற்றியும் பேசலாம்.

விண்ணப்பம் எஃப்.சி.சி.யின் இணையவழி அமைப்பில், 601-ஆம் படிவத்தில். கோபுரமோ, எஃப்.ஏ.ஏ. என்ற மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வேறு ரேடியோ நிலையமோ இல்லாத தளத்துக்கு ஒரே ஒரு யூனிகாம்தான். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே தளத்தின் உரிமையாளருக்கும் அங்குள்ள விமானச் சேவை நிறுவனங்களுக்கும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். உரிமம் வழக்கமாக 10 ஆண்டுகளுக்கு.

அப்புறம், பறக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒன்று. முதல் முறை தனியாகப் பறக்கும் மாணவரிடம் ஓடுபாதை ஓரத்திலிருந்து ரேடியோவில் பேச நினைக்கும் ஆசிரியருக்கு வேறு வகை உரிமம் இருக்கிறது: 'ஏவியேஷன் சப்போர்ட் ஸ்டேஷன்' (விமான உதவி நிலையம்). அதற்கு 123.3, 123.5 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளை ஒதுக்கியிருக்கிறார்கள்.