திரையில் ஒரு பேட்மொபைல், கொட்டகையில் பல

பேட்மேன் காரின் படத்தைப் போனில் காட்டி, "பின் டயர் இந்த மாதிரி அகலமா வெளியே தெரியணும்" என்று பட்டறைகளில் கேட்பவர்கள் உண்டு. ஆசையில் தப்பே இல்லை. எந்தப் படத்துக் கார், அது உள்ளே எப்படிக் கட்டப்பட்டது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

1966 டி.வி. தொடரிலும் அதே ஆண்டு வந்த படத்திலும் ஓடியது, 1955-ல் கண்காட்சிக்காக இத்தாலியின் கியா நிறுவனம் கையால் பாடி கட்டிய லிங்கன் ஃபியூச்சரா. கார்களை உருமாற்றித் தருவதில் பேர்போன ஜார்ஜ் பாரிஸ் அதைச் சில வாரங்களில் பேட்மேன் காராக மாற்றினார். இரட்டைக் கண்ணாடிக் குமிழும் பின்னால் விரிந்த சிறகுகளுமாக, அழகில் அதை அடித்துக்கொள்ள இன்றும் ஆள் இல்லை. ஆனால் மேடையில் நிற்கச் செய்த வண்டி படப்பிடிப்பில் தினமும் ஓடியபோது இன்ஜின் சூடேறியது, பேட்டரி இறங்கியது, டயர்கள் வெடித்தன. தொடர் பாதி நடக்கும்போதே ஃபோர்டு கேலக்ஸியின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பொருத்த வேண்டியதாயிற்று.

1989-ல் டிம் பர்ட்டன் படத்துக்கு ஆன்டன் ஃபர்ஸ்ட் வடிவமைத்தது, ஷெவர்லே இம்பாலா காரின் சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் உட்கார்ந்தது. மூக்கில் ஜெட் இன்ஜின் வாய், 20 அடிக்கு மேல் நீளம். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், நீண்டால் வண்டி திரும்பும் வட்டமும் பெரிதாகும். கம்பத்தில் கொக்கியை வீசி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு முனை திரும்பும் காட்சி இந்த நீளத்துக்கு அத்தனை பொருத்தம். 1995, 1997 படங்களில் விளக்கு அலங்காரம்தான் தூக்கல்; பின்னதற்குக் கூரையே கிடையாது.

நின்று பார்க்க வேண்டிய வண்டி 2005 படத்தில் வந்த, 'டம்ளர்' என்று பெயரிட்ட பேட்மேன் கார். இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனும் படத்தின் வடிவமைப்பாளர் நேதன் க்ரோலியும் கடையில் கிடைக்கும் பொம்மை மாடல்களின் துண்டுகளை ஒட்டி ஒட்டியே இதன் வடிவத்துக்கு வந்தார்கள். உள்ளே 5.7 லிட்டர் ஷெவர்லே வி8. முன்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சில் கண்ணில் படாது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிக் கையில் வெளியே தொங்கும். பின்னால் லாரி ஆக்சில், பக்கத்துக்கு இரண்டாகச் சேற்று டயர்கள். 2 டன்னுக்கு மேல் எடையுள்ள இது நிஜமாகவே பறந்து தரையில் இறங்கியது.

ஆனால் அது ஒரே வண்டி அல்ல. ஓடிப் பாய ஒன்று, ஹைட்ராலிக்கில் மடல்கள் அசைந்து காட்ட ஒன்று, புரொப்பேன் சிலிண்டர்களோடு பின்னால் தீ கக்க ஒன்று. ஓட்டுநர் இருக்கையிலிருந்து சாலை சரியாகத் தெரியாததால் பாடியில் கேமரா பொருத்தி, உள்ளே மானிட்டரைப் பார்த்து ஓட்டினார்கள். நாம் படத்தில் பார்க்கும் உட்புறமோ தனியாகப் போட்ட செட்.

2022 படத்தின் கார் இதற்கு நேர் எதிர். பழைய அமெரிக்க மஸில் கார் உருவம், பின்னால் திறந்து கிடக்கும் இன்ஜின், மோதுவதற்கென்றே முன்னால் இரும்புச் சட்டம். ஒரு மனிதன் தன் கொட்டகையில் வெல்டிங் அடித்தே கட்டியிருக்கலாம் என்று நம்ப முடிகிறது. வடிவமைப்பில் இதுதான் இந்த வரிசையிலேயே நேர்மையானது.

இனி நம் வண்டி. டயரை வெளியே தள்ள மலிவான வழி ஸ்பேசர், அதாவது சக்கரத்துக்குப் பின்னால் செருகும் உலோகத் தட்டு. பல கார்களில் வீல் ஸ்டட் (சக்கரத்தை நட் போட்டு இறுக்கும் திருகுத் தண்டு) 12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.5 மி.மீ. நட் குறைந்தது ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது ஏற வேண்டும், அதாவது 8 சுற்று. நீள ஸ்டட் மாற்றாமல் 10 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் ஆறரைச் சுற்றுக்கு மேல் அதுவே தின்றுவிடும். மிச்சமுள்ள மரையில் நட் இறுகியதுபோலத்தான் தோன்றும்; பள்ளத்தில் இறங்கும்போது மரை உரிந்துகொள்ளும். ஸ்டட் நீளமாக இருந்தாலும், சக்கரம் வெளியே போகப் போக வீல் பேரிங்கின் மேல் நெம்புகோல் பாரம் கூடும். 60 கி.மீ. வேகத்தில் 'ஊ...' என்ற முனகல், வளைவில் அது ஏறி இறங்குவது, இவை முதல் அறிகுறி.

டயரின் உயரத்தை 5% கூட்டினால், மீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் 63. சைலன்சரில் தீ வரவைக்கப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றி வைத்தால், எரியாத எரிபொருள், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து பீங்கான் தேன்கூட்டையே உருக்கும். பிறகு புகை வெளியேற வழியின்றி வண்டி இழுக்காது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. கண்ணாடியைக் கறுப்பாக்க நினைத்தாலும், அதன் வழியாக முன்னும் பின்னும் 70%, பக்கவாட்டில் 50% வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும்.

ஏற்கெனவே ஸ்பேசர் போட்டிருந்தால் இன்றைக்கே ஒரு நட்டைக் கழற்றி, கையால் திரும்ப ஏற்றிச் சுற்றுகளை எண்ணுங்கள். எட்டு (ஸ்டட் வேறு அளவென்றால், அதன் தடிமனுக்கு ஈடான சுற்றுகள்) வரவில்லையென்றால் அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்காமல், ஸ்பேசரை முதலில் கழற்றுங்கள்.