டேஷ்போர்டு மாட்டுறதுக்கு முன்னாடி பல்க்ஹெட் ஓட்டையைப் பாருங்க

பழைய காரை சரி பண்ற என் ஒர்க்ஷாப்புக்கு வந்த ஒரு கஸ்டமர் முதல்ல சொன்னது தலைவலியைப் பத்தி தான், கார்ல பிரச்சனைன்னே சொல்லல.

"அண்ணே, இந்தப் பழைய மினி கார்ல வீட்டுக்காரம்மாவையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போனா ரெண்டு பேருக்கும் தலை வலிக்குதுண்ணே, ஏர்கான் கேஸ் ஏதும் லீக் ஆகுதான்னு கொஞ்சம் பாருங்களேன்." சிங்கப்பூர்ல தீபாவளி லைட் பாக்க சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போயிருக்காங்க, தேக்கா கிட்ட சரியான ஜாம், கண்ணாடி எல்லாம் ஏத்தி ஏர்கான் போட்டுக்கிட்டு முக்கால் மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து போயிருக்காங்க, வீட்டுக்கு வந்ததும் பையன் வாந்தி எடுத்துட்டான். சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைச்சிருக்காங்க. அடுத்த வாரமும் அதே மாதிரி ஆனப்புறம் தான் காரை எங்கிட்ட கொண்டு வந்தார்.

கார் பாக்க அவ்வளவு அழகு. ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு இடத்துல ஃபுல்லா ரெஸ்டோர் பண்ணது, பெயின்ட் கண்ணாடி மாதிரி, சீட்டு புதுசு, கார்பெட் புதுசு. நான் கார்பெட்டைத் தூக்கி டேஷ்போர்டுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தேன், இடது பக்கம் பழைய ஹீட்டர் ஹோஸ் போன ஓட்டை, ஒரு இஞ்ச் இருக்கும், அதுல துணியை அடைச்சு மேல டேப் ஒட்டி அதுக்கு மேல சவுண்ட் மேட் போட்டு மறைச்சிருந்தாங்க. சூட்டுல டேப் கழண்டு துணி கருப்பா இருந்துச்சு. எஞ்சின் பக்கம், புகையை வெளிய கொண்டு போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோட ஜாயின்ட்டை அடைக்கிற கேஸ்கெட் ஒரு ஓரத்துல பிஞ்சு போயிருந்துச்சு, ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு முழம் கூட இல்ல.

மினியை நல்லாத் தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். அதுல எஞ்சின் குறுக்கு வாட்டுல இருக்கு, கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ரெண்டும் முன்னாடி கிரில் பக்கம் இல்லாம பின்னாடி பல்க்ஹெட் பக்கம் பாத்து தான் நிக்குது. புகையும் பெட்ரோல் ஆவியும் வர்ற இடத்துக்கும் நம்ம காலுக்கும் நடுவுல ஒரே ஒரு தகடு. அந்தத் தகடு தான் பல்க்ஹெட், அதுக்கு ஃபயர்வால்னும் பேரு வச்சது சும்மா இல்ல.

இந்தப் பழைய கார்ல புகையில இருக்குற விஷத்தைக் குறைக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது. நல்லா டியூன் பண்ண கார்புரேட்டர் எஞ்சின்லயே ஐட்லிங்ல கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதம் பக்கம் இருக்கும், அதாவது 30,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 30,000 பங்கு). அதுல துளி உள்ள வந்தாலே போதும். நிறம் கிடையாது வாசனை கிடையாது, ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். தலைவலி, தலைசுத்தல், குமட்டல் தான் முதல் அறிகுறி, அதனால எல்லாரும் கார் சிக்னஸ்னு நினைச்சு மருந்து எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. சின்னப் பிள்ளைங்க வேகமா மூச்சு விடும், அதான் அப்பாவுக்கு ஒன்னும் தெரியாதப்பவே பிள்ளைக்கு வந்துடுது. ஏர்கான் உள்காத்தையே திருப்பித் திருப்பி சுத்த விடும், உள்ள வந்தது வெளிய போக வழியே இல்ல.

நம்ம ஊர்ல இது ஏன் இவ்வளவு அதிகம்னா, அந்தக் காலத்துல வந்த கார் நிறைய ஏர்கான் இல்லாம வந்தது. அப்புறம் 70கள்ல 80கள்ல ஒர்க்ஷாப்காரங்க டேஷ்போர்டுக்கு அடியில ஏர்கான் பாக்ஸ் தொங்க விட்டு, பைப்பு போக பல்க்ஹெட்ல ஓட்டை போட்டாங்க, ஹீட்டர் யாருக்கும் வேணாம்னு கழட்டி எறிஞ்சாங்க, அந்த ஓட்டை அப்படியே நின்னுச்சு. அப்புறம் அலாரம், ரேடியோ ஆம்ப்ளிஃபயர், 1998ல ரோட்டுக் கட்டணம் வசூலிக்கிற ஈஆர்பி வந்தப்ப அதுக்கு கார்ல மாட்டுற ஐயூ பெட்டியோட வயர், ஒவ்வொருத்தரும் ஒரு வயரை இழுக்க, ஓட்டை ஓரத்துல மாட்டியிருக்குற ரப்பர் வளையத்தை, அதாவது கிராமெட்டை, பிளேடால கீறி விட்டுட்டுப் போனாங்க. பல மாடல்ல ஸ்டீரிங், பெடல் ரெண்டு பக்கமும் மாட்ட முடியுற மாதிரி தகடு அடிச்சிருப்பாங்க, நம்ம வலது கை டிரைவ்ங்கிறதால இடது பக்கத்து ஓட்டைங்க எல்லாம் ஒரு பிளேட்டும் பழைய ரப்பரும் நம்பி மூடி கிடக்கு. 35 வயசு தாண்டின காரை கிளாசிக் ஸ்கீம்ல போட்டா வருஷத்துக்கு 45 நாள் தான் ஓட்டலாம், அதனால மீதி நாள் பூரா கார்பார்க்ல நிக்குது, இந்த வெக்கைக்கும் ஈரத்துக்கும் ரப்பர் எல்லாம் பிஸ்கட் மாதிரி ஆயிடும். விரலால தட்டினா உதிரும்.

கேஸ் மட்டும் இல்ல, கிராமெட் இல்லாத ஓட்டையில வயர் போனா தகட்டு ஓரம் கத்தி மாதிரி, எஞ்சின் ஆட ஆட வயரோட தோலை உரிச்சுடும். அந்தக் கால பிரிட்டிஷ் கார்ல பலதுல ரெண்டே ரெண்டு ஃபியூஸ் தான், ஹெட்லைட், இக்னிஷன் எல்லாம் ஃபியூஸே இல்லாம ஓடும். ஷார்ட் ஆனா அறுக்க ஒன்னும் கிடையாது, வயரே ஃபியூஸ் மாதிரி எரியும். அது எஞ்சின் பக்கம் தீயாச்சுன்னா, அந்த ஒரு இஞ்ச் ஓட்டை தான் தீ உங்க கால் கிட்ட வர்ற வாசல்.

நான் செஞ்ச தப்பையும் சொல்லிடறேன். தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு மோரிஸ் மைனருக்கு டப்பாவுல வர்ற ஃபோமை அடிச்சு ஓட்டை எல்லாத்தையும் மூடினேன், உப்பி வந்து அழகா அடைச்சுக்கிச்சு, கத்தியால சீவி மேல கருப்பு பெயின்ட் அடிச்சேன். ரெண்டு மழைக்காலம் கழிச்சு கார் திரும்பி வந்துச்சு. ஃபோம் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணியைக் குடிச்சு வச்சிருந்து, பின்னாடி தகடு விரல் போற அளவு துருப்பிடிச்சுப் போச்சு. அந்தக் கஸ்டமர் என்னை ஒரு வார்த்தை திட்டல, அது எனக்கு இன்னும் வலிக்குது. அந்த ஃபோம் தீ பட்டா எரியும், புகையும் விஷம், இத பின்னாடி தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். பாத்ரூம் சிலிகானும் வேணாம், புளிச்ச வினிகர் வாடை வரும் பாருங்க, அந்த ஆசிட் தகட்டைத் தின்னும், வேணும்னா அந்த ஆசிட் வராத நியூட்ரல் க்யூர்னு கேட்டு வாங்குங்க.

இப்ப நான் செய்யுறது இது தான். டேஷ்போர்டு, கார்பெட், பழைய மேட் எல்லாம் வெளிய வந்தப்புறம் (பழைய பல்க்ஹெட் மேட் சிலதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காய்ஞ்ச படியே சுரண்டாதீங்க, தேய்க்காதீங்க, சந்தேகமா இருந்தா லேப்ல கொடுத்துப் பாத்துட்டு கை வைங்க) ஒவ்வொரு ஓட்டைக்கும் மாஸ்கிங் டேப்ல நம்பர் எழுதி ஒட்டி போட்டோ எடுத்துடுவேன். எது கம்பெனி போட்டது, எது பின்னாடி எவனோ டிரில் பண்ணதுன்னு பிரிக்கணும். பின்னாடி போட்டதை எல்லாம் தகடு வெட்டி வெல்டு பண்ணி மூடிடுவேன், கம்பெனி ஓட்டையை வெல்டு பண்ண மாட்டேன், நாளைக்கு ஒருத்தர் ஹீட்டர் திருப்பி மாட்டணும்னா வேணும், அதுக்கு ரப்பர் பிளக், பெருசுக்கு ஸ்டீல் பிளேட், நடுவுல ரப்பர் கேஸ்கெட் வச்சு ஸ்க்ரூ.

கிராமெட் வாங்கப் போறவங்க வெளி விட்டத்தை அளந்துட்டுப் போய் நிப்பாங்க, அது உதவாது. தகட்டுல ஓட்டை எவ்வளவு, தகடு எவ்வளவு தடிமன், உள்ள போற வயர் எவ்வளவு, இந்த மூணும் வெர்னியர்ல அளந்து எழுதிக்கிட்டுப் போங்க. பெயின்ட் அடிச்ச பிறகு அளங்க, எபாக்ஸி ப்ரைமரும் பெயின்டும் சேந்தா ஓட்டை கொஞ்சம் சின்னதாயிடும். ஓரத்தை ஃபைல் போட்டு மழுக்கி, ப்ரைமர் அடிச்சு, காய்ஞ்சு, அப்புறம் தான் ரப்பர். மாட்டும்போது சோப்புத் தண்ணி போதும், எஞ்சின் ஆயில் தடவினா ரப்பர் ஊறிப் போயிடும். பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில் தெறிக்கிற இடத்துல ரப்பர் வகையும் கவனிக்கணும், ஈபிடிஎம்ங்கிற ரப்பர் வெயிலுக்கும் சூட்டுக்கும் நல்லா தாங்கும் ஆனா எஞ்சின் ஆயிலும் பெட்ரோலும் ஆகாது, நைட்ரைல் அதுக்கு நேர் எதிர், பெட்ரோலும் ஆயிலும் தாங்கும் ஆனா பிரேக் ஆயில் ஒத்துக்காது. தகட்டு ஜாயின்ட்ல கம்பெனி போட்ட பழைய சீலர் வெடிச்சிருக்கும், அதையும் எடுத்துட்டு புது சீம் சீலர் போடணும், வெறும் தகட்டுல நேரா போடாதீங்க, ப்ரைமர் மேல தான்.

ஒரு எச்சரிக்கை, எல்லா ஓட்டையும் மூடக்கூடாது. விண்ட்ஸ்கிரீனுக்குக் கீழ மழைத் தண்ணி வடியுற ஓட்டை, ஏர்கான் தண்ணி வெளிய போற டியூப், இதையும் ஆர்வத்துல அடைச்சுட்டு கார்பெட் நனையுதுன்னு வந்தவங்க இருக்காங்க. வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யுற ஊர் இது.

முடிச்சதும் டெஸ்ட். ராத்திரி ஒர்க்ஷாப் லைட் எல்லாம் அணைச்சுட்டு ஒருத்தர் உள்ள உக்காரணும், இன்னொருத்தர் எஞ்சின் பக்கம் பெரிய டார்ச்சை மெதுவா நகத்தணும். வெளிச்சம் தெரிஞ்சா கேஸும் வரும். அதுக்கப்புறம் எஞ்சின் ஓட விட்டு கார்பன் மோனாக்ஸைடு மீட்டர், ஆனா வீட்டு அலாரம் வாங்கி வச்சா போதும்னு நினைக்காதீங்க, ஐரோப்பிய ஸ்டாண்டர்டு அலாரம் 50 பிபிஎம்ல ஒரு மணி நேரம் கழிச்சு தான் கத்தும், அதுக்குள்ள நீங்க ஈசிபி ஹைவேயை முடிச்சு சாங்கி போயிருப்பீங்க. நம்பர் காட்டுற மீட்டரா வாங்குங்க. இந்த டெஸ்டைத் திறந்த வெளியில செய்யணும், பேஸ்மென்ட் கார்பார்க்ல இல்ல. பின்னாடி பூட் ரப்பர், டெயில் லைட் கேஸ்கெட் வழியாவும் புகை உள்ள வரும், மீட்டரைப் பின் சீட்டுலயும் வச்சுப் பாருங்க. ஓட்டையை அடைச்சுட்டா கேஸ்கெட்டை அப்படியே விட்டுடலாம்னு மட்டும் யாரும் நினைக்க வேணாம், லீக்கை முதல்ல நிறுத்தணும்.

அந்த மினிக்குக் கேஸ்கெட் மாத்தி, மொத்தம் 11 ஓட்டை எண்ணினோம், 4 வெல்டு, மீதி கிராமெட்டும் பிளேட்டும். டார்ச் டெஸ்ட்ல ஸ்பீடோமீட்டர் கேபிள் பக்கம் ஊசி முனை மாதிரி ஒரு வெளிச்சம் தெரிஞ்சுச்சு, பையன் தான் உள்ள உக்காந்து காட்டினான், "அங்கிள் அங்க ஒரு ஸ்டார்." அந்த கிராமெட்டை மாத்தினோம். மறுநாள் கண்ணாடி ஏத்தி ஏர்கான் போட்டு யாரும் உள்ள உக்காராம மீட்டரைப் பின் சீட்டுல வச்சு 40 நிமிஷம் ஓட விட்டோம், கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருந்தேன், சைபர்லயே நின்னுச்சு. அதுக்கப்புறம் தான் டேஷ்போர்டை எடுத்து மாட்டினோம்.