மயோனைஸ் என்னும் எண்ணெய்க் கடையல்

மயோனைஸ், பெயர்ச்சொல். புளிப்பும் உப்பும் சேர்ந்த நீர்மத்தில் எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டு, இரண்டும் பிரியாதபடி கடைந்தெடுக்கும் வெண்ணிறத் தொடுகறி. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தது. பேச்சில் ‘மயோ’ என்று சுருங்கும்.

இந்த விளக்கத்தில் முட்டை என்ற சொல் இடம்பெறவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், காரணம் கீழே வருகிறது.

வடசென்னையில் இந்தச் சொல் இன்று இட்லி, சட்னி அளவுக்குப் புழங்குகிறது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வந்தவர்கள் பசியாறும் மோமோ வண்டியிலும், தண்டையார்பேட்டையில் கிரில் சிக்கன் சுழலும் கடையிலும் ஒரு சின்னக் கிண்ணத்தில் இது கூடவே வந்துவிடும். சௌகார்பேட்டையில் கதை வேறு. முட்டையைத் தொடாத சமணக் குடும்பங்களும் மார்வாடிக் குடும்பங்களும் நிறைந்த பகுதி என்பதால் அங்கே முட்டை இல்லாத மயோனைஸ் வெகுநாளாகவே பழக்கம். பிறகு, 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு தடைசெய்தது. சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் அதில் எளிதாகப் பெருகும் என்பதே காரணம். தெலங்கானா 2024இலும் கேரளம் அதற்கு முன்பும் இதே முடிவை எடுத்திருந்தன. தடை வந்ததும் பல கடைகளின் பலகையில் ‘சைவ மயோனைஸ்’ என்ற தொடர் ஏறியது. முட்டை இல்லாததை மயோனைஸ் என்று சொல்லலாமா என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தது.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கிறது. அதிகம் சொல்லப்படும் கதை 1756ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலில் உள்ள மினோர்க்கா தீவின் மகோன் துறைமுகத்தை ஆங்கிலேயரிடமிருந்து ரிஷெலியூ பிரபுவின் தலைமையில் பிரெஞ்சுப் படை கைப்பற்றியது. அந்த வெற்றியைக் குறித்து ‘மகோனேஸ்’, அதாவது மகோன் ஊரைச் சேர்ந்த சாஸ், என்று பெயரிட்டார்கள் என்பார்கள். பிரெஞ்சில் ‘ஏஸ்’ என்பது ஊர்ப்பெயரோடு சேரும் பெண்பால் விகுதி. சாஸ் அம்மொழியில் பெண்பால் சொல். ஆகவே இலக்கணப்படி இது பொருந்தும். ஆனால் அந்தச் சொல் அச்சில் வருவதோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இடையில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு இடைவெளி இருப்பதால் எல்லோரும் இதை ஏற்பதில்லை. முட்டையின் மஞ்சள் கருவைக் குறிக்கும் ‘மோயூ’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லே வேர் என்போர் உண்டு. புகழ்பெற்ற சமையற்கலைஞர் கரேம், கையாளுதலைக் குறிக்கும் ‘மனியே’ என்ற வினையிலிருந்து வந்தது என்று வாதிட்டார். ஓர் ஊர், ஒரு மூலப்பொருள், ஒரு கைவேலை என்று மூன்று வேர்கள் சொல்லப்படுகின்றன. மூன்றில் ஒன்றுதான் முட்டையைச் சொல்கிறது, அதுவும் உறுதியானதல்ல.

சட்டத்தின் கண்ணில் வேறு மாதிரி. அமெரிக்க விதிப்படி அந்தப் பெயரைத் தாங்கும் பொருளில் எடையில் குறைந்தது 65 விழுக்காடு தாவர எண்ணெயும், கூடவே முட்டை மஞ்சள் கருவும் இருக்க வேண்டும். முட்டையில்லாத ஒன்றை ‘ஜஸ்ட் மயோ’ என்ற பெயரில் விற்ற வேறொரு நிறுவனத்தின் மீது 2014இல் யூனிலீவர் நிறுவனம் வழக்குத் தொடுத்து, சில வாரங்களிலேயே திரும்பப் பெற்றது. இவ்வளவு சண்டை முட்டையைப் பற்றி நடந்தாலும், அந்த விதியே பெரும்பங்கைத் தாவர எண்ணெய்க்குத்தான் ஒதுக்கியிருக்கிறது. முட்டை செய்யும் வேலை ஒன்றுதான்: எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடித்து வைப்பது. மஞ்சள் கருவில் உள்ள லெசித்தினின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். அதே லெசித்தின் சோயாவிலும் உண்டு. மத்தியதரைக் கரைகளில் முட்டையே சேராத உறவினங்கள் பழங்காலம் தொட்டு இருக்கின்றன. காத்தலான் மொழியின் ‘அயியோலி’ என்றால் பூண்டும் எண்ணெயும் என்றே பொருள். லெபனானின் ‘தூம்’ என்றால் அரபியில் பூண்டு. பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு, இவ்வளவுதான் சேர்மானம். முட்டை இல்லாததைப் போலி என்று ஒதுக்குபவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை சுவைத்துப் பார்க்க வேண்டும்.

இனி ‘சைவ மயோனைஸ்’. தமிழில் சைவம் என்ற சொல் பாலையும் தயிரையும் நெய்யையும் விலக்குவதில்லை. கடைகளில் முட்டை இல்லாமல் செய்வதில் பால் சேர்ப்பது உண்டு. பாக்கெட்டில் வருவதிலும் பால்பொடி இருக்கக்கூடும். பச்சைப் புள்ளி அதைத் தடுக்காது. பால் ஒவ்வாத குழந்தைக்கு வாங்கிப் போகும் அம்மாவுக்கு இந்த வேறுபாடு முக்கியம். பாலும் கலவாததைச் சொல்ல நம்மிடம் ‘நனிசைவம்’ என்ற அழகான சொல் இருக்கிறது. உறு, தவ, நனி ஆகிய மூன்றும் மிகுதியைக் குறிப்பவை என்கிறது தொல்காப்பியம். நனிசைவம் என்றால் சைவத்திலும் மிகுந்த சைவம். ஆங்கிலத்தில் இதற்கு இணையான ‘வீகன்’ 1944இல் பிறந்தது. 2022இல் இந்திய உணவு விதிகளும் வீகன் உணவைத் தனி வகையாக வரையறுத்தன. எனவே பலகையில் எழுதுபவர்கள் பால் சேர்ந்தால் ‘முட்டையில்லாதது’ என்றும், சேராவிட்டால் ‘நனிசைவம்’ என்றும் எழுதுவதே நேர்மை.

சரி, மயோனைஸுக்கே தமிழில் என்ன சொல்வது? எண்ணெயும் நீரும் நுண்துளிகளாகக் கலந்து நிற்கும் கலவையைப் பள்ளி அறிவியல் நூல்கள் ‘பால்மம்’ என்கின்றன. துல்லியமான சொல்தான், ஆனால் பால்மம் என்றால் பெயின்டும் உண்டு, மருந்தும் உண்டு, சாப்பாட்டு மேசைக்கு ஒட்டவில்லை. ‘தொடுகறி’ என்பது தொட்டுக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் பொது. ‘துவையல்’ இடித்து அரைப்பதைச் சொல்கிறது, ‘மசியல்’ வேகவைத்து மசிப்பதை. எஞ்சியிருப்பது ‘கடை’ என்ற வினை. மத்தை எடுத்துக் கீரையைக் கடைகிறோம், பருப்பைக் கடைகிறோம். தனித்தனியாக நின்றவை ஒரே குழைவாகின்றன. தயிரைக் கடைந்தால் வெண்ணெய் பிரியுமே என்று கேட்கலாம். பிரிப்பதற்கும் சேர்ப்பதற்கும் ஒரே வினையை வைத்திருப்பது நம் மொழியின் வளம் என்றே கருதுகிறேன். ‘கடைசல்’ என்றால் இரும்புக் கடைசல் பட்டறையும் மனத்தில் வரும். ஆகவே கீரைக் கடையல் என்பதைப் பின்பற்றி ‘எண்ணெய்க் கடையல்’ என்பதே என் தேர்வு. இதிலிருந்து சோயாக் கடையல், பூண்டுக் கடையல், முந்திரிக் கடையல் என்று இயல்பாகக் கிளைக்கலாம். மயோனைஸ் என்றே எழுத விரும்புவோரிடம் எனக்குச் சண்டையில்லை. பிரெஞ்சு ஒலிக்கு மயோனேஸ்தான் நெருக்கம் என்றாலும் மயோனைஸ் வேரூன்றிவிட்டது.

வீட்டில் சோயாக் கடையல் செய்ய மிக்ஸியின் சட்னி ஜார் போதும். சர்க்கரையும் வாசனையும் சேராத சோயா பால் 100 மில்லி, அரைத் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி கடுகுத்தூள். பால் குளிர்ந்திருக்கக் கூடாது. அறை வெப்பத்தில் இருக்கட்டும். கடுகின் கொழகொழப்பும் கலவையைப் பிடித்து வைக்க உதவும் என்பதால் அதை விட்டுவிடாதீர்கள். 200 மில்லி சூரியகாந்தி எண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாகவும், கலவை பிடித்த பிறகு நூல் போலவும் விட வேண்டும். நல்லெண்ணெய் வாசனையால் எல்லாவற்றையும் மூடிவிடும். தேங்காய் எண்ணெய் குளிர்பெட்டியில் உறைந்துவிடும். பாதி எண்ணெய் போனதும் கவனியுங்கள்: மஞ்சளாக இருந்த எண்ணெய் வெளுக்கத் தொடங்கும். துளிகள் நுண்மையாக உடைந்து ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. நிறத்துக்காக எதுவும் சேர்ப்பதில்லை. சற்று நேரத்தில் மிக்ஸியின் ஓசை தடிக்கும், நடுவில் சுழன்ற குழி மூடிக்கொள்ளும். அப்போது ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை விட்டு ஒரே சுற்று. புளிப்பு பட்டதும் சோயாப் புரதம் இறுகி, கடையல் கரண்டியில் நின்றுவிடும்.

திரிந்து எண்ணெய் பிரிந்தால் கொட்ட வேண்டாம். வேறு ஜாரில் இரண்டு கரண்டி சோயா பாலை எடுத்து, திரிந்ததையே எண்ணெய் போலச் சிறிது சிறிதாக விட்டுக் கடைந்தால் சேர்ந்துவிடும்.

சோயா ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சுண்டல் செய்யும் வீட்டில் கிடைக்கும் ஒன்று இருக்கிறது: கொண்டைக்கடலை வெந்த நீர். அதற்கு 2015இல் நீர், அவரை என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்களைச் சேர்த்து ‘அக்வாஃபாபா’ என்று பெயர் வைத்தார்கள். ‘கடலைநீர்’ என்றால் நமக்குப் போதும். உப்பிடாமல் வேகவைத்து, நீரை முட்டை வெண்கரு பதத்துக்குச் சுண்டவைத்து, ஆறவைத்துக் குளிரூட்டிய பிறகே கடைய வேண்டும். மூன்று மேசைக்கரண்டி கடலைநீருக்கு முக்கால் கப் எண்ணெய் பிடிக்கும்.

தாவரத்தில் செய்தது கெடாது என்று எண்ணிவிடக் கூடாது. சென்னை வெயிலில் மேசைமேல் விட்டுவைக்காமல், சுத்தமான கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்து நான்கைந்து நாளில் தீர்த்துவிடுங்கள். பச்சைப் பூண்டு சேர்த்திருந்தால் இன்னும் சீக்கிரம். குப்பியின் மேல் செய்த தேதியையும் ‘சோயாக் கடையல், பால் இல்லை’ என்பதையும் எழுதி ஒட்டிவிட்டால் வீட்டில் யாரும் கேட்க வேண்டியிராது.