பஸ் திரும்பும் இடத்துக்கு அப்பால்

ஆஸ்திரேலியாவில் மெல்பர்னிலிருந்து கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலைக்கு வேன் ஓட்டுகிறேன். வழிகாட்டி வேலையும் நானேதான். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்கள்தான் என் சவாரியில் பாதி. சில வருடங்களுக்கு முன் கோயம்புத்தூர்ப் பெரியவர் ஒருவர், கடலுக்குள் நிற்கும் சுண்ணாம்புக்கல் தூண்களான ட்வெல்வ் அப்போசல்ஸின் பார்வை மேடையில் செல்ஃபிக் குச்சிகளுக்கு நடுவே கால்மணி நேரம் நின்றார். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சத்தம். காற்று தொப்பியைப் பிடுங்குகிறது. என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "இவ்வளவுதானுங்களா தம்பி?"

அவர் கேட்டதில் தப்பில்லை. கடலோரமாக வந்தால் நிறுத்தாமல் ஓட்டினாலே நாலைந்து மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு தூரம் வந்து, எல்லோர் வீட்டுக் காலண்டரிலும் இருக்கும் அதே காட்சியைக் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அன்று எல்லோரையும் வேனில் ஏற்றி இன்னும் அரை மணி நேரம் மேற்கே ஓட்டினேன். போர்ட் கேம்பெல்லுக்கு அப்புறம் பீட்டர்பரோ என்று ஒரு சின்ன ஊர். அதைத் தாண்டியதும் பே ஆஃப் மார்ட்டர்ஸ், அடுத்து பே ஆஃப் ஐலண்ட்ஸ். அதே சுண்ணாம்புக்கல், அதே கடல்தான். தூண்கள் கொஞ்சம் குட்டை, ஆனால் நிறைய. கடலுக்குள் கண்ட இடத்தில் இறைந்து கிடக்கும். கார் நிறுத்தத்தில் எங்களோடு சேர்த்து மூன்றே வண்டிகள். காற்றுக்குப் பயந்து அவர் வீட்டு அம்மா வேனுக்குள்ளேயே தயிர்சாத டப்பாவைத் திறந்தார். பெரியவர் மட்டும் ஒரு மணி நேரம் உள்ளே வரவில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மார்ட்டர்ஸ் என்றால் உயிர்த்தியாகிகள். பக்கத்திலேயே மாசக்கர் பே, அதாவது படுகொலை விரிகுடா, என்றும் ஓர் இடம் இருக்கிறது. வெள்ளையர் குடியேறிய காலத்தில் இங்கிருந்த பழங்குடி ஆண்களைக் குன்றிலிருந்து தள்ளிக் கொன்றதாக வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. அதைத் தெரிந்துகொண்டு அங்கே நிற்பது வேறு மாதிரி இருக்கும்.

சரி, இவ்வளவு அழகான இடத்தில் ஏன் கூட்டமில்லை? காரணம் பஸ் நேரம்தான். மெல்பர்னிலிருந்து காலை ஏழு, ஏழரைக்குக் கிளம்பும் பெரிய பஸ்கள் மதியம் இரண்டு மூன்று மணிக்கு அப்போசல்ஸ் வந்து சேரும். பக்கத்தில் லாக் ஆர்ட் கார்ஜ் என்ற பாறை இடுக்கைப் பார்த்து, நேரம் இருந்தால் போர்ட் கேம்பெல்லில் ஒரு காபி குடித்து, கொலாக் வழியாக உள்நாட்டுச் சாலையில் வீடு திரும்பும். அதற்கு மேற்கே போனால் இரவாகிவிடும், ஓட்டுநரின் வேலை நேரம் முடிந்துவிடும். டார்க்கியிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர் சாலையில் ஒரு நாள் பயணி இறங்கிப் பார்ப்பது ஐந்தாறு இடம். 'அதிகம் அறியப்படாத இடம்' என்பது பெரும்பாலும் பஸ் நிற்காத இடம், அல்லது பஸ் போன பிறகு இருக்கும் இடம். இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

அதனால் என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் முதலில் இடத்தின் பெயர் சொல்வதில்லை. ஒரு ராத்திரி தங்குங்கள் என்பேன். அப்பல்லோ பேயிலோ போர்ட் கேம்பெல்லிலோ தங்கினால், மறுநாள் விடியலில் அதே அப்போசல்ஸ் மேடையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் இருப்பார்கள். திரும்பும்போது உள்நாட்டுச் சாலையில் மூன்று மணி நேரத்தில் மெல்பர்ன்.

அடுத்தது திசை. இங்கேயும் நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம். டார்க்கியிலிருந்து மேற்கே போனால் கடல் உங்கள் இடக்கைப் பக்கம். ஒதுங்கி நிறுத்தும் சின்னச் சின்ன இடங்களெல்லாம் உங்கள் பக்கமே வரும். எதிர்த்திசையில் வந்தால், வளைவில் எதிர்வண்டி வருகிறதா என்று தெரியாமல் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். 1919-லிருந்து 1932 வரை, முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 சிப்பாய்கள் இறந்துபோன தோழர்களின் நினைவாகக் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து வெட்டிய சாலை இது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அகலப்படுத்த இடமே கிடையாது. பின்னால் வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். அப்படி ஒதுங்கும் இடத்திலேயே சில சமயம் நல்ல காட்சி கிடைக்கும்.

லார்னுக்கும் வை ரிவருக்கும் நடுவில் ஆர்ட்டில்லரி ராக்ஸ் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. வேனில் ஒரு குழந்தை வாந்தி எடுத்ததால் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் கரைப் பாறை முழுக்கத் தேனடை போலக் குழிகுழியாக இருக்கிறது. உப்புத் தண்ணீர் மணற்கல்லின் துளைகளில் காய்ந்து படிகமாகி, மணலைத் துகள் துகளாகத் தள்ளி உதிர்த்ததில் வந்த குழிகள். நடுநடுவே பீரங்கிக் குண்டு மாதிரி உருண்டைக் கற்கள் பாதி புதைந்து நிற்கின்றன. மணற்கல் உருவான காலத்தில் சில இடங்களில் தாதுக்கள் கூடுதலாக இறுகியதால், சுற்றியிருப்பது கரைந்தும் அந்த உருண்டைகள் மட்டும் தாக்குப்பிடிக்கின்றன. வாந்தி எடுத்த குழந்தை தெளிந்து எழுந்து, "ரவா தோசை மாதிரி இருக்கு மாமா" என்றது. அதைவிட நல்ல வர்ணனை எனக்குத் தெரியாது. ஈரமான கரும்பாறையில் மட்டும் கால் வைக்காதீர்கள். கடலுக்கு முதுகு காட்டிப் படமும் எடுக்காதீர்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்லைட் ஹெட் பக்கம் ரெக் பீச் இருக்கிறது. மண் சாலையில் போய், 350 படிகளுக்கு மேல் இறங்கி, மணலிலும் பாறையிலும் நடந்தால், கரைப்பாறையில் துருப்பிடித்த இரண்டு நங்கூரங்கள் பதிந்து நிற்கும். ஒன்று 1869-இல் சீனத் தேயிலையோடு வந்து மோதிய மாரி கேப்ரியேல் கப்பலுடையது. இன்னொன்று 1891-இல் ஹாம்பர்க்கிலிருந்து வந்து உடைந்த ஃபிஜியுடையது. கடல் வற்றும் நேரத்தில்தான் போக முடியும். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்போம். கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணைகள் சிலவற்றில் அந்த ஒரு மணி சேர்ந்திருக்கும், சிலவற்றில் இருக்காது. நான் வைத்திருந்ததில் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. பார்க்காமல் நானும் ஒரு மணி சேர்த்தேன். திரும்பி நடக்கும்போது தண்ணீர் ஏற ஆரம்பித்து, குன்றை ஒட்டிய ஓரிடத்தில் அலை முழங்கால் வரை வந்தது. நான்கு பேரையும் கைகோத்துக் கூட்டி வந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

இப்போது இரண்டைப் பார்க்காமல் யாரையும் அங்கே இறக்குவதில்லை. ஒன்று, அட்டவணை எந்தக் கணக்கில் இருக்கிறது என்பது. இன்னொன்று, அன்றைய அலை உயரம். வற்று நேரமாகவே இருந்தாலும் தெற்குப் பெருங்கடலிலிருந்து பெரிய அலை உருண்டு வரும் நாளில் அந்தக் கரையே இருக்காது.

வாடகைக் காரில் வருபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் மண் சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது. ரெக் பீச், ஆட்வே காட்டு அருவிகளில் சில, எல்லாம் அந்த வகைதான். காட்டுக்குள் பல இடத்தில் போன் சிக்னலும் கிடைக்காது. மேப்பை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தி சாய்ந்தால் கங்காரு சாலைக்கு வரும், வேகத்தைக் குறையுங்கள்.

குளிக்கும் ஆசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜொஹானா பீச் அழகுதான், காலி மணல்தான். ஆனால் உள்ளிழுக்கும் நீரோட்டம் பலமாக இருக்கும், காப்பாற்ற ஆள் இருக்காது. உயிர்காப்பாளர்கள் சிவப்பு மஞ்சள் கொடி நட்ட கரைகளில், அந்தக் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று, அப்போசல்ஸிலிருந்து அதிக தூரமில்லாத ஷெர்புரூக் ஆற்று முகத்தில் ஒரு சுற்றுலாப் பயணி நீரில் மாட்டிக்கொண்டார். மீட்புப் படகில் போன போர்ட் கேம்பெல் தன்னார்வலர்கள் இருவர் இறந்துபோனார்கள். அப்பாவும் மகனும். அந்தப் பயணி பிழைத்தார்.

கடைசியாக, போனில் காட்டுகிறார்களே, அந்த 'மறைவிடங்கள்'. மூன்று வருடம் முன்பு ஓர் இளைஞர் என் வேனில் ஏறியதும் ஒரு வீடியோவைக் காட்டி, "அண்ணா, இந்த ஸ்பாட்டுக்குப் போகணும்" என்றார். புல் நுனியில் ஒருத்தர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார், கீழே கடல். எனக்கு இடம் தெரியும். அது வேலிக்கு அந்தப் பக்கம்.

அந்தப் புல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. மிருதுவான சுண்ணாம்புக்கல்லை அலை அடியில் குடைந்துகொண்டே இருக்கிறது. மேலே மண் மட்டும் கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். 1990 ஜனவரி 15 அன்று இங்குள்ள லண்டன் பிரிட்ஜ் என்ற இரட்டைப் பாறை வளைவில் கரையோடு சேர்ந்த பாதி இடிந்து விழுந்தது. அப்போதுதான் நடந்து மறுபக்கம் போயிருந்த இருவரை ஹெலிகாப்டர் வைத்துத்தான் மீட்டார்கள். 2005 ஜூலை 3 அன்று அப்போசல்ஸ் தூண்களில் ஒன்று சில நொடிகளில் கற்குவியலானது. இரண்டுமே யாரும் எதிர்பாராமல் நடந்தவை.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் பொறுமையாகச் சொன்னேன். பதிலாக பே ஆஃப் ஐலண்ட்ஸ் கூட்டிப் போனேன், சூரியன் விழும் வரை காத்திருந்தேன். நிறையப் படம் எடுத்தார். வீட்டுக்குப் போய், 'ஓட்டுநர் கேட்ட இடத்துக்குக் கூட்டிப் போகவில்லை' என்று எனக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். கூடவே ஒரு படமும் போட்டிருந்தார், பே ஆஃப் ஐலண்ட்ஸில் எடுத்தது. அதைப் பார்த்து இது எந்த இடம் என்று கேட்டு இதுவரை நாலு குடும்பம் என் வேனில் வந்திருக்கிறது.